காருக்குள் தொங்கிய நீல ஜாக்கெட்

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் முதியவர்களை வீடுவீடாகப் போய்ப் பராமரிப்பது யேசுரட்ணத்தின் வேலை. வேலைக்குக் கொடுத்த நீல ஜாக்கெட்டின் நெஞ்சில் நகரசபைச் சின்னம் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு காரோட்டினால் பொலிஸ் மறிப்பதில்லை, சாதாரண உடுப்பில் போனால்தான் ஓரங்கட்டச் சொல்கிறது என்பது டென்மார்க்குக்கு வந்து நெடுங்காலத்துக்குப் பிறகே அவருக்குப் பிடிபட்டது. அன்றிலிருந்து லீவு நாட்களிலும் ஜாக்கெட் காருக்குள் தொங்கியது. மழைக்குக் குடை வைத்திருப்பது போலத்தான் அவருக்கு அது.

மகன் சுஜிந்தன் வைலே நகரில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்தக் காரைக் கொடுத்தார். ஜாக்கெட் தொங்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒரு காலை பொலிஸ் அவனை மறித்து, அந்த ஜாக்கெட்டை எங்கே திருடினாய் என்று கேட்டது. தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்து உறுதிப்படுத்தும்வரை அவனைத் தெருவோரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

தகப்பனோடு அவன் கதைப்பது குறைந்தது. தமிழர்களைச் சந்திக்கப் பொலிஸ் தேவாலயத்தின் பங்கு மண்டபத்துக்கு வருகிறதாம், அங்கே கேட்பேன் என்று யேசுரட்ணம் வாக்குக் கொடுத்தார். நம்பிக்கையோடு கொடுத்த வாக்கில்லை.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கோப்பியும் ரோல்ஸும் பரிமாறினார்கள். வந்திருந்த பெண் பொலிஸ் அதிகாரி, தமிழர்களால் தொல்லையே இல்லை என்று புகழ்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். யேசுரட்ணம் எழுந்து, டெனிஷில், ஜாக்கெட்டின் கதையைச் சொன்னார்.

வழமையான சோதனைதான் என்றார் அதிகாரி. உங்கள் மகனிடம் அப்படிக் கேட்டிருப்பார்களா என்று யேசுரட்ணம் கேட்டார். அதிகாரி கோப்பையைக் கீழே வைத்தார். கேட்டிருக்கமாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். ஒப்புக்கொள்வது பெரிய காரியமல்ல; ஆனால் அதுவரை ஒருவரும் அதைக்கூடச் செய்ததில்லை.

வாசலில் தமிழ்ச் சங்கத் தலைவர் இன்னாசித்தம்பி அவரைப் பிடித்துக்கொண்டார். “ரோல்ஸ் சாப்பிட வந்த ஆக்களிட்ட விசாரணையோ அண்ணை? நல்ல பேரோட இருந்தனாங்கள்.”

“அந்தப் பேர் மண்டபத்துக்குள்ளதான் தம்பி. றோட்டில இல்லை.”

சுஜிந்தன் உள்ளே வர மறுத்துக் காரிலேயே இருந்தான். என்ன சொன்னார்கள் என்று டெனிஷில் கேட்டான்.

“தன்ர மகனெண்டால் கேட்டிருக்க மாட்டினமாம்.”

அவன் காரைக் கிளப்பினான். யேசுரட்ணம் ஜாக்கெட்டைக் கொளுக்கியிலிருந்து எடுத்து, சின்னம் உள்ளே போக மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். பெருந்தெருவில் ஏறியதும் இருவருமே பின்னால் என்ன கார் வருகிறது என்று கண்ணாடியில் பார்த்தார்கள்.