முகத்தில் கைவைக்கும் கஞ்சர்

கடலிலிருந்து யாராவது வீட்டுக்கு வீடியோவில் பேசத் தொடங்கினால், கஞ்சர் முதலில் கைவைப்பது முகத்தில்தான். படத்தின் தெளிவை ஒரு படி இறக்குவார். திரையைப் பார்ப்பார். மனசு கேட்காமல் இன்னொரு படி இறக்குவார். மிச்சமாவதை அப்படியே குரலுக்குத் தள்ளிவிடுவார். "மூக்கும் முழியும் வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கட்டும். பேச்சு அறுந்துட்டா என்ன மிஞ்சும், சொல்லு?"

செயற்கைக்கோள் தொடர்பு நிலையத்தில் கப்பல்களின் அழைப்புகளுக்கு அலைவரிசையைப் பங்கிட்டுக் கொடுப்பது அவர் வேலை. இருக்கிற வழி குறுகல். ஞாயிறு வந்தால் அத்தனை கப்பலும் வீட்டு ஞாபகம் வந்து ஒரேயடியாக மொய்க்கும். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவர் வாயடைத்துப் போவார். ஆகவே எல்லோருக்கும் கிள்ளித்தான் கொடுப்பார். கஞ்சர் என்ற பெயர் வராமல் வேறென்ன வரும்? அதில் மனிதருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமாகித் தூரத்தில் இருக்கும் மகள் வீடியோவில் கூப்பிட்டால், போனைக் காதில் ஒட்டிக்கொள்வார். "அப்பா, உங்க காது மட்டுந்தான் தெரியுது!" என்று அவள் கத்துவாள். "காது நல்லாத்தானே இருக்கு? நீ பேசு" என்பார்.

யார் என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குக் கேட்காது. ஒவ்வோர் அழைப்புக்கும் திரையில் ஒரு கோடு ஓடும். பேசினால் துள்ளும், பேசாவிட்டால் படுத்துவிடும். போன ஞாயிறு, ஒரு சரக்குக் கப்பலின் கோடு படுத்தது படுத்தபடியே கிடந்தது. பேசி முடித்துவிட்டு அணைக்க மறந்துபோகிற ஆசாமிகள் எத்தனையோ பேர். "தூங்கிட்டான் போல" என்று சிரித்துக்கொண்டே துண்டித்து, அந்தப் பங்கைக் காத்திருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

மறுநாள் அந்தக் கப்பலிலிருந்தே நிலையத்துக்கு அழைப்பு வந்தது. இயந்திர அறை ஃபிட்டர். நன்றி சொல்ல அழைத்திருந்தான், பாவம்.

"நேத்து அம்மாவைக் காட்டினீங்க சார். பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவங்களுக்குப் பேச்சு இல்ல. நான் வாயைத் திறந்தா அழுதுடுவேன்னு பேசாம இருந்தேன். மங்கலாத்தான் தெரிஞ்சாங்க. ஆனா என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க சார். திடீர்னு போயிடுச்சு. மறுபடி லைன் கிடைக்கறதுக்குள்ள அம்மா... முடிஞ்சுபோச்சு. இங்க நல்ல மழை. அதனாலதான் கட்டாயிருக்கும், இல்ல சார்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி வானத்தின் மேல் போய்விடும். அந்தப் பையனும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

"மழை இல்ல தம்பி" என்றார். "பேச்சே காணோமேன்னு... நான்தான் கட் பண்ணேன்."

கஞ்சர் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. திரையில் அவன் அழைப்பின் கோடு அசையாமல் படுத்திருந்தது. நடந்தது தெரியாத பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "சார், அது சும்மாதானே கிடக்கு? ரெண்டு கப்பல் காத்துக்கிட்டிருக்கு. எடுத்துடவா?" என்று துண்டிக்கும் விசையை நோக்கிக் கை நீட்டினாள்.

கஞ்சர் அந்த விசையைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.