மூன்று மொழிகளில் ஒரு சைக்கிள்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த கீழ்வீட்டுக்கு ஒரு கராஜ் இருந்தது. கார்தான் இருக்கவில்லை. காருக்குப் பதிலாகப் பதினொரு சூட்கேஸ்கள் இருந்தன. கனடாவுக்கும் சுவிசுக்கும் போகிற வழியில் எங்களோடு தங்கிப் போன சொந்தக்காரர்கள், "பிறகு ஆள் அனுப்பி எடுக்கிறம்" என்று சொல்லி விட்டுவிட்டுப் போனவை. ஒருவரும் ஆள் அனுப்பவில்லை. அந்தச் சூட்கேஸ்களுக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவே, சுவரோடு சாய்ந்தபடி, என் மனைவியின் தம்பியுடைய சைக்கிள் நிற்கும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி எங்களிடம் வந்து சேர்ந்து ஒரு வருசத்துக்கு மேலாகியிருந்தது. கனடாவிலிருந்து வந்த ஒரு பிள்ளையோடு கலியாண எழுத்துப் பதிவு முடிந்துவிட்டது. அவள் திரும்பிப் போய் ஸ்பொன்சர் செய்திருந்தாள். தூதரகத்திலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வரவேண்டும், அவ்வளவுதான். அந்தக் கடிதம் வரும்வரை எந்தப் பிரச்சினையிலும் மாட்டாமல் இருப்பதுதான் அவனுடைய முழுநேர வேலை. பகுதிநேர வேலையாக, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். பஸ்ஸில் போனால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறவேண்டும். சைக்கிள் என்றால் ஒழுங்கைகளுக்குள்ளால் பூந்து பம்பலப்பிட்டி வரை போய்விடலாம்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் களவு தொடங்கியது. ஒரே மாதத்தில் மூன்று. நான் கந்தோரில் கிளார்க். அங்கே யாரும் என்னிடம் பொறுப்பான எதையும் தருவதில்லை. ஆகவே வீட்டில் பாதுகாப்புப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

முதலில் பூட்டு. காலி வீதியில் ஒரு இரும்புச் சாமான் கடைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய ஆமைப்பூட்டைக் கேட்டேன். முதலாளி அதை இரண்டு கையாலும் தூக்கித் தந்தார்.

"மேக்க கடன்ன பே, மாத்தயா" என்றார். இதை உடைக்கவே முடியாதாம்.

அவர் சொன்னது உண்மை. அந்தப் பூட்டை ஒருவரும் உடைக்கவில்லை. பூட்டைக் கொழுவுகிற கொண்டியைக் கதவில் அடித்தது நான். ஸ்குரூக்கள் நான்கும் வெளிப்பக்கமாகத் தெரியத் தெரிய, வரிசையாக, அழகாக முறுக்கி வைத்தேன். அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அடுத்தது, கதவுக்கு உள்ளே ஒரு கயிறு கட்டி அதில் சட்டி மூடிகள் ஏழைத் தொங்கவிட்டேன். கதவு திறந்தால் மூடிகள் சீமெந்துத் தரையில் விழும். கள்ளன் ஓடிவிடுவான். அடுத்த நாள் மத்தியானம் என் மனைவி காஸ் சிலிண்டரைப் பார்க்கக் கதவைத் திறந்தாள். ஏழு மூடிகளும் விழுந்தன. ஒழுங்கை முழுக்கச் சத்தம் அடங்கிப் போனது. றேடியோக்கள் நின்றன. பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளைகள் மதிலோடு குந்திவிட்டன. கால் மணித்தியாலம் கழித்து எதிர்வீட்டு அன்ரி, தலைமயிரில் கட்டிலுக்கு அடியிலிருந்த தூசியோடு, எங்கள் கேற்றடிக்கு வந்தார்.

"தம்பி, கள்ளன் வந்தால் உங்கடை சைக்கிள்தான் போகும். உங்கடை மூடி விழுந்தால் என்ரை உயிரெல்லோ போகும்" என்றார்.

மூடிகள் குசினிக்குத் திரும்பிப் போயின. அதன் பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் வாங்கினால் செயின் கவரில் பெயர் எழுதுவது எங்கள் வழக்கம். பெயர் எழுதின சைக்கிளைக் களவெடுப்பவன் அதை எங்கே கொண்டுபோய் ஓடுவான்? சந்திக்குச் சந்தி ஒருவர் மறித்து, "உது இன்னாரின்ரை சைக்கிளெல்லே, நீ ஆர்?" என்று கேட்பார். கொழும்பில் சந்திக்குச் சந்தி மறிக்கிறவர்கள் வேறு ஆட்கள் என்பது என் மூளையில் ஏறவில்லை.

என் கையெழுத்து வடிவானது. கந்தோரில் எனக்கிருந்த ஒரே மரியாதை அதுதான். ஒரு சிறிய டின் வெள்ளைப் பெயின்ற்றும் மெல்லிய தூரிகையும் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கராஜில் குந்தியிருந்து எழுதினேன். செயின் கவரில் தமிழில் அவனுடைய முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. நடுச்சட்டத்தில் ஆங்கிலத்தில். பின் மட்காட்டில் சிங்களத்தில், பெயரும் வீட்டு இலக்கமும் ஒழுங்கையின் பெயரும். மும்மொழிக் கொள்கையை அரசாங்கமே அவ்வளவு சரியாக நடைமுறைப்படுத்தியதில்லை.

தம்பி பக்கத்தில் நின்று பார்த்தான். "அத்தான், விலாசமும் வேணுமே?"

"கள்ளன் மனம் மாறித் திருப்பிக் கொண்டந்து விடுறதெண்டால் விலாசம் வேண்டாமே?"

"மனம் மாறின கள்ளனை எங்கையும் கண்டனீங்களோ?"

"கணக்கு மாஸ்டருக்கு மனசைப் பற்றி என்ன தெரியும்? தள்ளி நில், நிழல் விழுது."

என் மனைவி எட்டிப் பார்த்து, "கலியாணக் கார்ட்டைக்கூட இவ்வளவு வடிவா எழுதேல்லை இவர்" என்றாள். அவன் சிரித்தான். அவன் அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பான்.

சைக்கிள் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனது. நான் கந்தோரில். மனைவியும் தம்பியும் கோயிலில். கள்ளன் ஸ்குரூ நான்கையும் ஆறுதலாகக் கழற்றிப் படியில் அடுக்கி வைத்திருந்தான். ஆமைப்பூட்டு ஒரு கீறல்கூட இல்லாமல் கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சைக்கிளைச் சன்னல் கம்பியோடு பிணைக்கிற சங்கிலி ஒன்றும் இருந்தது. அதைத் தம்பி மாட்டியிருக்கவில்லை. மாட்டமுடியாது. அதன் பூட்டுக்கான இரண்டு திறப்புகளும், ஒன்று தொலைந்தால் மற்றது உதவும் என்பதற்காக, என் காற்சட்டைப் பையில் கந்தோருக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

அன்று பின்னேரம் அவன் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி சொன்னான்: "அத்தான், ஒருக்கா பொலிசில போய்ச் சைக்கிள் களவு போனதெண்டு என்ட்ரி போட்டு வைப்பம்."

"உனக்கென்ன விசரே?"

"பேர் விலாசத்தோடை ஒரு சைக்கிள் வெளியில திரியுது. பிறகு ஏதும் எண்டால்?"

"பிறகு ஏதும் வராது. இப்ப போனால் வரும். எப்ப வந்தனீ, ஏன் வந்தனீ, எவ்வளவு நாள் நிக்கப் போறாய் எண்டு தொடங்குவாங்கள்."

"என்ரை பொலிஸ் பதிவு எல்லாம் சரியாத்தானே இருக்கு."

"சரியா இருக்கிறதைத்தான் அவங்கள் கூட நேரம் பார்ப்பாங்கள்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வீட்டுக்காரன், வயதில் மூத்தவன், கொழும்பில் பதினாறு வருசம் இருந்தவன். நான் சொன்னால் அதற்கு மேல் கதை இல்லை. "இந்த ஒழுங்கையில பொலிசுக்குப் பயந்து ஒளிக்கிற ஆக்கள் ரெண்டு பகுதி. ஒண்டு கள்ளன், மற்றது நாங்கள். கள்ளன் எங்களைக் காட்டிக் குடுக்கமாட்டான்" என்றேன். மனைவி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு விசயம் முடிந்தது. எங்கள் ஆட்கள் யாரும் தங்கள் காலால் நடந்து பொலிசுக்குப் போவதில்லை. அதில் நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

ஒன்பது நாட்களுக்குப் பிறகு, கந்தோர் விட்டு வரும்போது பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. காலி வீதியை மறித்திருந்தார்கள். ஒரு அரசாங்கக் கட்டடத்தின் மதிலோடு யாரோ ஒரு சைக்கிளை விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். கரியரில் ஒரு பார்சலாம். குண்டு பார்க்கிறவர்கள் வரும்வரை ஒருவரும் அசையக்கூடாதாம். ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். வேர்வையில் நனைந்து, பசியில், பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்: "எந்தக் கழுதை கொண்டுபோய் விட்டுதோ, அவனைப் பிடிச்சு உள்ளுக்குப் போடவேணும்." அவரும் ஆமோதித்தார். அவ்வளவு உற்சாகமாக நான் எதையும் சொன்னதில்லை.

அடுத்த நாள் காலை ஜீப் வந்தது. சார்ஜன் ஒரு தாளை வைத்து எங்கள் இலக்கத்தைப் பார்த்தார். தம்பியின் பெயரைத் தகப்பன் பெயரோடு, ஒரு எழுத்துப் பிசகாமல், சிங்களத்தில் வாசித்தார். பிறகு "லஸ்ஸன அக்குரு" என்றார். அழகான எழுத்துக்கள். அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே பாராட்டினார். பார்சலுக்குள் இடுப்பில் கட்டுகிற ஒரு ஈரச் சாரமும் உடைந்த குடையும்தான் இருந்ததாம். ஆனால் சைக்கிள் நின்ற இடம் பிழை. கள்ளன் சோதனைச் சாவடியைக் கண்டு பயந்து விட்டுவிட்டு ஓடியிருப்பான் என்று நினைக்கிறேன். அவனை ஒருவரும் பிடிக்கவில்லை. அவன் தன் பெயரை எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை.

தம்பியோடு நானும் போனேன். ஸ்டேசனில் எங்களை ஒரு வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருத்தினார்கள். பெரிய அதிகாரி சிங்களத்தில் கேட்கக் கேட்க, தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"களவு போனதுன்னு செல்றீங்க. போனா ஏன் வந்து செல்லல்லன்னு ஐயா கேக்குறார்."

தம்பி சட்டைப் பையில் மாட்டியிருந்த பேனை மேலும் கீழும் போவது தெரிந்தது. அவ்வளவு வேகமாக மூச்சு விட்டான். அவன் "அத்தான்தான் வேண்டாமெண்டவர்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்லட்டும் என்று காத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும்.

கொன்ஸ்டபிள் என் பக்கம் திரும்பினார். "நீங்க வீட்டுக்காரர்தானே. நீங்க ஏன் செல்லல்ல?"

நான் வாயைத் திறந்தேன். என் வாய் என்னைக் கேட்காமலே எத்தனையோ பகிடிகளை விட்டிருக்கிறது. அன்றும் என்னைக் கேட்காமல்தான் பேசியது.

"எனக்குத் தெரியாது சேர். சைக்கிள் அவருடையது."

அதைச் சிங்களத்தில் எழுதினார்கள். என்னிடம் தந்தார்கள். மட்காட்டில் எழுதத் தெரிந்த அளவு சிங்களம்தான் எனக்குத் தெரியும். அந்த எழுத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. கையெழுத்து வைத்தேன், வழமைபோல வடிவாக. என்னைப் போகச் சொன்னார்கள். அவனை இருக்கச் சொன்னார்கள்.

அவன் நாலரை மாதம் உள்ளே இருந்தான். முதலில் அங்கே, பிறகு தெற்கே ஒரு மறியல் சிறையில். மனைவி ஒவ்வொரு கிழமையும் பஸ் மாறிப் போய்ப் பார்த்தாள். நான் அந்த ஸ்டேசன் பக்கமே பிறகு போகவில்லை. சாப்பாடு கொண்டுபோவாள், சிலவேளை உள்ளே எடுப்பார்கள், சிலவேளை திருப்பிவிடுவார்கள். திருப்பிவிட்ட நாட்களில் அதே சோற்றை நானும் அவளும் இரவுக்குச் சாப்பிட்டோம். கனடாவிலிருந்து அந்தப் பிள்ளை டெலிபோன் எடுத்தால் நான் றிசீவரை உடனே மனைவியிடம் கொடுத்துவிடுவேன். இரண்டாம் மாதம் தூதரகத்துக் கடிதம் வந்தது. நேர்முகத்துக்கு நாள் போட்டிருந்தார்கள். அந்த நாளும் வந்து போனது.

சட்டத்தரணி ஒருமுறை பத்திரங்களைப் புரட்டியபடி சொன்னார்: "என்ட்ரி போடாததுதான் இதில பெரிய சிக்கல். அதுக்கு ஒரு காரணத்தை, வீட்டில ஒருத்தர் அண்டைக்கே பொறுப்பெடுத்துச் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்."

மனைவி, "ஆருக்கு அப்ப மூளை ஓடினது" என்றாள். ஸ்டேசனில் நான் என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியாது. நான் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனை விட்டது ஒரு மத்தியானம். மெலிந்து, தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தான். வந்து குளித்தான். என்னுடைய சாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு மேசையில் இருந்தான். சோறும் சொதியும் மீன் பொரியலும். நான் பகிடி விடுவேன் என்று மனைவி எதிர்பார்த்திருப்பாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவள் அப்பளம் எடுக்கக் குசினிக்குள் போனாள்.

அவன் சோற்றைப் பிசைந்தபடி, தலை நிமிராமல் கேட்டான்.

"அத்தான், என்ட்ரி போடுவம் எண்டு நான் கேட்டனான், நீங்கள்தான் வேண்டாம் எண்டு மறிச்சனீங்கள். நான் உள்ளுக்க இருக்கேக்கை, பிறகாவது போய் அவையளுக்கு அதைச் சொன்னனீங்களோ?"

"ஓம்" என்றேன். "ரெண்டு தரம் போய்ச் சொன்னனான். அவங்கள் கேக்கேல்லை."

அவன் தலையாட்டினான்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்று சொல்லிவிட்டு, சொதிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான். "நீங்களும் சாப்பிடுங்கோ."