இடது கையை ஊன்றி எழுந்தவன்

அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து எழுத மதுரையில் ஒருத்திக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் நான் பார்த்த வேலை அதுதான். பைபாஸ் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். அதுவரை டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தோம். அந்த வேலை குறைந்ததும், எங்கள் மேனேஜர் எங்கிருந்தோ இதைப் பிடித்து வந்தார்.

"வீடியோ பாக்குற வேலைம்மா. இங்கிலீஷ்ல நாலு வரி எழுதத் தெரியணும், அம்புட்டுதான்" என்றார்.

ஆட்டத்தின் விதிகள் எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் மூன்று பேர். நான் கணிதப் பட்டதாரி, சர்ச் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுப் பெண். இன்னொருவன் தெற்குமாசி வீதிப் பக்கத்து சௌராஷ்டிரத் தம்பி; வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே மதுரைத் தமிழ், மூச்சு முழுக்கக் கிரிக்கெட். மூன்றாமவன் மேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவன். கல்லூரி நாட்களில் கபடி ஆடியவன், முழங்காலில் ஒரு பழைய தழும்பு உண்டு.

முதல் இரண்டு வாரம் பிரமை பிடித்தது போல் உட்கார்ந்திருந்தோம். புட்பால் என்று பேர், ஆனால் காலால் உதைப்பது எப்போதோ ஒரு முறைதான். இரண்டு பக்கமும் கூரான பந்து. ஒருவன் குனிந்து அதைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் தருகிறான். வாங்கியவன் திரும்பி இன்னொருவன் வயிற்றில் திணிக்கிறான். அந்த இன்னொருவன்தான் எங்கள் ஆள். ரன்னிங் பேக் என்பார்கள். எதிரே சுவர் மாதிரி ஆட்கள். அவனுடைய கூட்டாளிகள் அந்தச் சுவரைத் தள்ளிப் பிடிக்க, இவன் கிடைத்த சந்தில் புகுந்து முன்னேற வேண்டும். எதிராளிகள் அவனைக் கீழே சாய்க்கும் வரை எவ்வளவு தூரம் போனான் என்பதுதான் கணக்கு.

தூரத்தைக் கெஜத்தில் எழுத வேண்டும் என்றதும் சௌராஷ்டிரத் தம்பி சிரித்துவிட்டான். "அக்கா, எங்க வீட்டுல கெஜம்னா சேலைக்குத்தான். இவன் ஒரு கெஜம் ஓடுனான்னு எழுதுனா எனக்கு ரவிக்கைத் துணிதான் ஞாபகம் வருது."

எங்களுக்கு வேலை கொடுத்தவர் அமெரிக்காவில் தனியாளாகத் தொழில் செய்தவர். கல்லூரியில் கடைசி வருடம் ஆடும் பையன்களைப் பற்றி அறிக்கை தயாரித்துத் தொழில்முறை அணிகளுக்குக் கொடுப்பார். வருடா வருடம் ஏப்ரல் வாக்கில் அந்த அணிகள் முறைவைத்து ஒவ்வொரு பையனாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். முதலில் எடுக்கப்படுகிறவனுக்கு ராஜ வாழ்க்கை. கடைசிவரை பெயர் வராதவன் வேறு பிழைப்பு பார்க்க வேண்டியதுதான். அதற்கு முன் அவர்களுடைய ஒவ்வொரு ஓட்டத்தையும் வெட்டி எடுத்து, எந்தப் பக்கம் போனான், எங்கே முதல் அடி விழுந்தது, அடி விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் போனான், பந்தைத் தவறவிட்டானா என்று நாங்கள் கட்டத்தில் நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்தில் குறிப்பு. அதில் ஏதாவது தோன்றினால் எழுதலாம், இல்லாவிட்டால் காலியாக விடலாம்.

பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் பட்டப்பெயர் வைத்தோம். அந்த வருடம் எங்களை ஆட்டிவைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் ரயில், ஆஜானுபாகு, பந்து கைக்கு வந்த நொடியில் நேராகப் பாய்வான், மோதுகிறவர்கள் சிதறுவார்கள். இன்னொருவன் ரோசனைக்காரன். சிறிய உடம்பு. பந்தை வாங்கியதும் ஒரு கணம் நிற்பான். நிஜமாகவே நிற்பான். எல்லோரும் தன்னை நோக்கிப் பாய்ந்துவரும்போது ஒரு மனிதன் ஏன் நிற்கிறான் என்பது எனக்குப் புரியவே இல்லை. அதற்காகவே அவன் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

"பயம்க்கா. வேற என்ன?" என்றான் மேலூர்த் தம்பி. "கபடியில பாடிப் போறவன் கோட்டுகிட்ட நின்னு நோட்டம் பாக்கலாம். அவனுக்கு நேரம் இருக்கு. இவனுக்கு எங்க இருக்கு? ரயிலப் பாருங்க, வாங்குனான் போனான்."

"மாப்ள, அவன் நிக்கல. சந்து தெறக்குறதுக்குக் காத்திருக்கான்" என்றான் மற்றவன்.

"தெறக்காட்டி?"

"அப்ப அடி வாங்குவான்."

இந்தச் சண்டை மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் ஓடியது. கடைசியில் மேலூர்த் தம்பியே, "செஞ்சு பாத்துருவோம்" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து மைதானத்தில் கூடினோம். அவன் தன் பழைய கபடிக் கூட்டாளிகளை அழைத்து வந்திருந்தான். கூரான பந்துக்கு எங்கே போவது? உரிக்காத தேங்காய் ஒன்று கொண்டுவந்தான். கையில் வாங்கிப் பார்த்தபோது அளவு ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது.

சௌராஷ்டிரத் தம்பி தேங்காயை இடுக்கிக்கொண்டு முதலில் ரயில் போல ஓடினான். கண்ணுக்குத் தெரிந்த சந்தை நோக்கிப் பாய்ந்தான். அவன் போய்ச் சேருவதற்குள் அது மூடிக்கொண்டது. மண்ணில் உருண்டான். அடுத்த முறை நின்று பார்த்தான். நின்ற இடத்திலேயே மூன்று பேர் அவன் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். அப்புறமும் விடாமல் ஓடி, ஒரே ஒரு முறை, தள்ளுமுள்ளு நடக்கும் கூட்டத்துக்குப் பின்னால் சின்னச் சின்ன அடியாக வைத்து, திடீரென்று இடுப்பைத் திருப்பி வெளியே வந்துவிட்டான். வெளியே வந்தவன் தேங்காயோடு வேப்பமரம் வரை ஓடி, மூச்சு வாங்கத் திரும்பினான்.

"எப்படிடா வந்த?" என்று கத்தினேன்.

"தெரியலக்கா! சந்தே இல்ல. போனதுக்கப்புறந்தான் சந்து இருந்துச்சு!"

மேலூர்த் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. நம் ஆட்களுக்கு மறிக்கத் தெரியவில்லை, அதனால் இது கணக்கில் வராது என்றான். தேங்காயை உடைத்துத் தின்றுவிட்டு வீடு திரும்பினோம். எனக்கு மட்டும் அந்தப் பதில் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாளிலிருந்து ரோசனைக்காரனின் ஓட்டங்களை இன்னும் கூர்ந்து பார்த்தேன். ஓட்டத்தை மட்டுமல்ல, விழுந்தபின் என்ன செய்கிறான், எப்படி எழுகிறான், யாரிடம் பந்தைக் கொடுக்கிறான் என்றெல்லாம் பார்த்தேன். எங்கள் வேலைப்படி ஆள் விழுந்ததும் வீடியோவை வெட்டிவிட வேண்டும். நான் வெட்டாமல் ஓடவிட்டேன். அப்படிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. சீசனின் முதல் பாதியில் அவன் வலது கையை ஊன்றி எழுந்தான். பின்பாதியில் ஒரு தடவைகூட அந்தக் கையை ஊன்றவில்லை. இடது பக்கம் புரண்டு, இடது கையை ஊன்றி, வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு எழுந்தான்.

எனக்கு அது தெரிந்ததற்குக் காரணம் உண்டு. முந்திய வருடம் கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு ஆட்டோ உரசி வண்டியிலிருந்து விழுந்து எனக்குத் தோளுக்கு முன்னாலிருக்கும் காறை எலும்பு முறிந்திருந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் பல மாதம் நான் கட்டிலிலிருந்து அப்படித்தான் எழுந்தேன். வலி போன பிறகும் உடம்பு அந்தக் கையை நம்பவில்லை.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: 'சீசனின் பின்பாதியில் விழுந்தபின் வலது கையை ஊன்றி எழுவதில்லை.' எழுதிவிட்டு மறந்தும் போனேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், கிளம்புகிற நேரத்தில் மேனேஜர் என் மேஜைக்கு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "என்னம்மா எழுதித் தொலைச்ச? அமெரிக்காக்காரரே லைன்ல இருக்காரு. எழுதுனவங்கள பேசச் சொல்றாரு."

அதுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை. கோபமாக இருப்பார் என்று நினைத்தேன், இல்லை. அந்த ஒரு வரியை எதை வைத்து எழுதினேன் என்று நிதானமாகக் கேட்டார். காறை எலும்புக் கதையைச் சொன்னேன். பிறகு, அவன் எழுகிற காட்சிகள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பச் சொன்னார்.

"அனுப்பினால் அவனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன். மேனேஜர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அணிகளின் டாக்டர்கள் எப்படியும் சோதிப்பார்கள்" என்றார் லைனில் இருந்தவர். "ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள்."

மறுநாள் இருவரிடமும் சொன்னேன். மேலூர்த் தம்பி சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டான்.

"அக்கா, அவன் மறைச்சிருக்கான்னு தெரியுதுல்ல? அப்பறம் எதுக்கு எழுதுனீங்க?"

"மறைக்கிறான்னு நெனச்சு எழுதலடா. கண்ணுல பட்டுச்சு, எழுதுனேன்."

"நான் மறைச்சிருக்கேன்க்கா." முழங்காலைத் தொட்டுக் காட்டினான். "ஒரு டிபார்ட்மெண்ட் டீமுக்கு செலக்‌ஷன். போனா வேலை. உள்ள ஜவ்வு கிழிஞ்சு கெடக்கு, துணியச் சுத்திக்கிட்டுப் போனேன். பாடிப் போயி திரும்புனேன், கால் அப்படியே மடங்கிருச்சு. எடுக்க வந்தவரு என்ன சொன்னாரு தெரியுமா? மொதல்லயே சொல்லியிருந்தா வைத்தியம் பாத்துட்டு அடுத்த வருசம் வான்னு சொல்லியிருப்பேனேன்னாரு. அப்படிச் சொல்லியிருப்பாரா மாட்டாரான்னு எனக்கு இன்ன வரைக்கும் தெரியலக்கா."

அவன் யார் பக்கம் பேசுகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. அவனுக்கும் விளங்கியிருக்காது.

காட்சிகளை அனுப்பாமல் இருக்க முடியாது. அது என் வேலை. ஆனால் அனுப்புவதற்கு முன் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. வலது கை அப்படி இருந்தும் பின்பாதி முழுக்க அவன் எப்படி ஆடினான்? மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் பாதியில் வலப் பக்கம் போகும்போது பந்தை வலது கையில் வைத்திருந்தவன், பிறகு எந்தப் பக்கம் போனாலும் இடது கையில்தான் வைத்திருந்தான். அடி விழப்போகிற கணத்தில் உடம்பைத் திருப்பி இடது தோளைக் கொடுத்தான். அந்தத் திருப்பத்துக்கு நேரம் வேண்டும். முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றான். பந்தை ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.

"யப்பா" என்றான் மேலூர்த் தம்பி, திரையைப் பார்த்தபடியே. "சீசன் நடுவுல கை மாத்தியிருக்கான்."

அதையெல்லாம் காட்சி காட்சியாகப் பிரித்து, பக்கம் பக்கமாக எழுதி, எழுகிற காட்சிகளோடு சேர்த்து அனுப்பினேன். யாரும் கேட்காத வேலை. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். அமெரிக்காவிலிருந்து 'கிடைத்தது, நன்றி' என்று மட்டும் பதில் வந்தது.

ஏப்ரல் வந்தது. அங்கே சனி, ஞாயிறு இரண்டு நாள் தேர்வு. திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் திறந்ததும் மூவரும் ஒரே கம்ப்யூட்டரில் குனிந்தோம். ரயில் முதல் நாளிலேயே போயிருந்தான். மேலூர்த் தம்பி மேஜையைத் தட்டினான். ரோசனைக்காரன் பெயரைத் தேடிக்கொண்டே கீழே போனோம், போனோம், போய்க்கொண்டே இருந்தோம். கடைசிச் சுற்றில், பட்டியல் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் இருந்தான்.

பிறகு ஒரு நாள் அமெரிக்கர் வேறு வேலையாகப் பேசியபோது நானே கேட்டேன். தோளில் தசைநார் கிழிந்திருந்ததாம். மார்ச்சில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டானாம். பல அணிகள் அவன் பெயரை அடித்துவிட்டன. எடுத்துக்கொண்ட அணி, கை மாற்றி ஓடிய காட்சிகளைத் திரும்பக் கேட்டு வாங்கியது என்றார். என் குறிப்பால் அவன் கீழே போனானா, நான் எழுதிய பக்கங்களால் கடைசியிலாவது வந்தானா என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது" என்றார். அந்தப் பதிலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ரோசனைக்காரன் முதல் வருடம் ஆடவில்லை. அதன்பின் சில வருடம் அணியின் இரண்டாவது ஓட்டக்காரனாக இருந்தான். பெரிய ஆளாகவில்லை, வீணாகவும் போகவில்லை. ரயில் முதல் சீசனில் அமர்க்களப்படுத்தினான். அப்புறம் கணுக்காலில் அடிபட்டு மெல்ல மெல்லக் காணாமல் போனான். மேலூர்த் தம்பி அதற்காக உண்மையாகவே வருத்தப்பட்டான்.

அந்த வருடத்துக் கூட்டத்தில் பெரிய ஆட்டக்காரனாக வந்தவன் இவர்கள் இருவருமே இல்லை. வேறொருவன். அவன் புகழ்பெற்ற பிறகு அவன் பெயரைப் படித்தபோது எங்களுக்கு முகமே ஞாபகம் வரவில்லை. பழைய கோப்புகளைத் தேடினோம். அவனுடைய ஓட்டங்களையும் வெட்டிக் கட்டம் நிரப்பியிருந்தது நான்தான். குறிப்புக் கட்டம் முழுக்கக் காலி.

எப்படி விட்டோம் என்று அறிய எங்களுக்கு ஆசையாக இருந்தது. வேலை குறைவாக இருந்த ஒரு மதியம் டீ வரவழைத்துக்கொண்டு, வெட்டி வைத்திருந்த அவன் வீடியோவைப் போட்டோம். வாங்கினான், ஓடினான், விழுந்தான். நிற்கவில்லை, பாயவில்லை. கொஞ்சம் வேகம், கொஞ்சம் பலம். சௌராஷ்டிரத் தம்பி பாதத்தைப் பார்க்கச் சொன்னான், பாதத்தைப் பார்த்தோம். மேலூர்த் தம்பி கண்ணைப் பார்க்கச் சொன்னான். தலைக்கவசத்துக்குள் கண் எங்கே தெரிகிறது? முடிவு தெரிந்தபிறகும், தேடுகிறோம் என்று தெரிந்தே தேடியும், ஒன்றும் பிடிபடவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. மேலூர்த் தம்பி நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மொதல்ல இருந்து போடுங்கக்கா" என்றான். "இந்தத் தடவ வெட்டாமப் பாப்போம்."