நன்மை வாங்காத மகன்

தவக்காலத்தின் முதல் ஞாயிறு அவன் நன்மை வாங்க எழுந்து போகவில்லை. எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் வரிசை நகரும்போது கண்ணை மூடி ஜெபிக்க வேண்டும். நான் ஆண்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகன் பெஞ்சிலேயே இருந்தான். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். சாவான பாவம் என்னும் பெரிய பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாது என்று சின்ன வயதில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அப்படியானால் என்ன பாவம்?

"ஏட்டி, ஒம் மவன் நன்மைக்கு எந்திரிக்கவே மாட்டுக்கானே," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே. "சாமியாராப் போயிருவான்னுல்லா நெனச்சேன். மருமவ வரப்போறா போல."

அதன்பின் எனக்குத் தூக்கம் போனது. அவன் சட்டையை முகர்ந்து பார்த்தேன். அவன் குளிக்கும்போது போனைத் திறக்கப் பார்த்தேன், பூட்டை மாற்றியிருந்தான். பைக்கைத் தொடாமல், வண்ணார்பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போனான். கேட்டதற்கு, தவக்கால ஒறுத்தல் என்றான். நான் டீயை விட்டதுபோல அவன் வண்டியை விட்டிருக்கிறான் என்று முதலில் பெருமைப்பட்டிருந்தேன். இப்போது அதுவும் உறுத்தியது. பஸ்ஸில் யாரோ ஒருத்தி வருகிறாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். "யாருலே அவ?"

சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு சொன்னான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குக் கொஞ்சம் முன்னால், முக்கூடல் ரோட்டில், சைக்கிளில் புல்லுக்கட்டோடு போன ஒரு பெரியவரைப் பைக்கால் இடித்துத் தள்ளியிருக்கிறான். திரும்பிப் பார்த்தபோது ஆட்கள் ஓடி வந்தார்களாம். நிற்காமல் வந்துவிட்டான்.

வண்டி நம்பரை யாரும் பார்த்தார்களா என்றுதான் முதலில் கேட்டேன். பிறகு, நாளைக்கே சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடு, ஆண்டவர் மன்னிப்பார் என்றேன்.

"சாமியார் மன்னிச்சிருவாரும்மா. அதான் போவல. அந்தத் தாத்தா இருக்காரா இல்லியான்னே தெரியாம எப்படி?"

மறுநாள் இருவரும் முக்கூடலுக்குப் பஸ் ஏறினோம். டீக்கடையில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். பெரியவர் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் மனைவி. உயிரோடு இருக்கிறார். எனக்கு அது போதும். வாங்கிப்போன பழத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றிருந்தது. அதற்குள் மகன், இடித்தது நான்தான் என்று சொல்லிவிட்டான்.

அவர் நம்பவில்லை. அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு அனுப்புனா ஒங்கள? பெரிய எடத்துப் பையன் எவனுக்கோ பதிலா வந்திருக்கியோ?"

"இல்ல தாத்தா. நான்தான்."

"அப்ப ஸ்டேசன்ல வந்து சொல்லுவியாலே?"

பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் திரும்பவில்லை. "சொல்லுதேன்," என்றான்.

ஸ்டேசனுக்குப் போகப் பெரியவர் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். ஏறும்போதும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. வழியில் குதித்து ஓடிவிடாதபடி என் மகனைத் தனக்கும் தன் மனைவிக்கும் நடுவில் உட்காரவைத்துக்கொண்டார். நான் முன்னால், டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன்.