சுடலைமுத்துவின் நெஞ்சளவு

ஓட்டத்தின் இரண்டாவது சுற்றில் சுடலைமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புழுதியில் உட்கார்ந்துவிட்டான். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை.

அப்போது நான் பாளையங்கோட்டையில், போலீஸ் ரெக்ரூட்டுகள் டிரில் பழகும் மைதானத்தை ஒட்டிய சிறிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். விழுந்தவனைப் பைய நடத்திக் கூட்டி வருவோம். கட்டிலில் படுக்க வைப்போம். முகம் கழுவத் தண்ணீர் கொடுப்போம். அதன் பிறகுதான் டாக்டரை அழைப்போம். அதுதான் வழக்கம். டாக்டர் தேவசகாயம் வந்து கையைப் பிடிப்பதற்குள் நாடி சீராகிவிடும். ஸ்டெதாஸ்கோப்பிலும் குறை ஒன்றும் கேட்காது.

“ஓடும்போது என்னலே செய்யுது?” என்றார் டாக்டர்.

“நெஞ்சுக்குள்ள உலக்கை போடுத மாதிரி இடிக்கிய்யா. பொறவு இறுக்கிப் பிடிக்கி. கண்ணு இருட்டிட்டு வருது.”

டிரில் ஹவில்தார் சங்கரபாண்டியன் வாசலில் நின்று மீசையைத் தடவினார். “நடிக்கான் ஐயா. சோத்து நேரத்துல இவனுக்கு நெஞ்சு வலிச்சு நான் பாத்ததில்ல.”

மறுநாள் மாலைக்குள் டாக்டர் முடிவு சொல்ல வேண்டும் என்று மேலதிகாரி உத்தரவிட்டிருந்தார். சோம்பேறி என்றாலும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், இதய நோயாளி என்றாலும் ஊருக்குத்தான். களக்காட்டில் சுடலைமுத்துவுக்கு நிலம் கிடையாது, தகப்பனும் இல்லை. தாயும் இரண்டு தங்கைகளும் இந்த உத்தியோகத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

“என்னைய அனுப்பிராதிய ஐயா” என்றான்.

இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு டாக்டர் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். “படுத்துக் கெடக்க நெஞ்சு, ஓடுத நெஞ்சப் பத்தி என்ன வே சாட்சி சொல்லும்? நாளைக்கு நாம அங்கன போவோம்.”

மறுநாள் காலை மைதானத்தில் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சுடலைமுத்துவின் பக்கத்தில் டாக்டரும் ஓடத் தொடங்கினார். நாற்பதைத் தாண்டிய, தொந்தி வைத்த மனிதர். வரிசையில் நின்ற ரெக்ரூட்டுகளில் ஒருவன், “டாக்டரையும் போலீஸ்ல சேத்துட்டாங்க போலுக்கு” என்று முணுமுணுத்தான். டாக்டர் காதில் அது விழாமல் இருந்திருக்காது. அவர் கண்ணைச் சுடலைமுத்துவின் முகத்தை விட்டு எடுக்கவில்லை.

“உன் தங்கச்சி பேரு என்னலே?” என்று மூச்சு வாங்கக் கேட்டார். பதில் இல்லை. “காலையில என்ன சாப்ட்ட?” அதற்கும் தலையை மட்டும் ஆட்டினான். கன்னம் உப்பியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சுற்று முடிந்து நின்றதும் கொல்லன் துருத்தி போலக் காற்று வெளியே வந்தது. டாக்டர் அந்த நிமிடமே அவன் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

“ஏன்லே வாயத் தொறக்கல?”

அவன் ஹவில்தாரைப் பயந்து பார்த்தான். “பேசினா மூச்சு போயிரும்யா. நெஞ்சு சுருங்கிரும்.”

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. ஆள் எடுத்த அன்று சாதாரணமாக நின்றபோது சுடலைமுத்துவுக்கு நெஞ்சளவு அரை அங்குலம் குறைந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோதுதான் விதிப்படி வேண்டிய அளவை டேப் தொட்டது. அங்கே நின்ற ஹவில்தார் வேடிக்கையாக, “இந்த நெஞ்சு இப்படியே இருக்கணும்லே, கொறஞ்சா களக்காட்டுக்கு வண்டி ஏத்திருவேன்” என்று சொல்லியிருக்கிறார். ஹவில்தார் பார்வையில் படும் நேரமெல்லாம் அவன் மூச்சை அடக்கி அந்த அளவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். நிற்கும்போது சமாளித்தவனால் ஓட்டத்தில் முடியவில்லை.

“ஏலே, கோட்டிக்காரப் பயலே!” என்றார் ஹவில்தார். ஆனால் குரலில் அதட்டல் இல்லை.

எல்லோரும் சிரித்தோம். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இதயத்தைக் கெடுக்கிற மூட்டு வீக்கக் காய்ச்சல் சிறுவயதில் வந்ததா, வீட்டில் இளவயதில் திடீரென்று இறந்தவர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை என்றான். பிறகு, லெப்ட் ரைட் என்று உரக்கக் கூவிக்கொண்டே ஓடச் சொன்னார். கூவுகிறவன் மூச்சை அடக்க முடியாது. சுடலைமுத்து எல்லாச் சுற்றும் ஓடி முடித்தான். நெஞ்சு வேகமாக அடித்தது, சற்று நேரத்தில் அடங்கியது. வலி இல்லை. அதற்குப் பின்பும், மேலதிகாரியிடம் தவணை வாங்கிக்கொண்டு, சில நாட்கள் டாக்டர் காலையில் மைதானத்துக்கு வந்து, அவன் ஓடி முடித்ததும் கேட்டுப் பார்த்த பிறகே ‘தகுதி’ என்று எழுதினார்.

ஹவில்தார் மன்னிப்புக் கேட்கிற மனிதர் அல்லர். மறுநாளிலிருந்து அணி முழுவதற்கும் லெப்ட் ரைட் கூவுகிற பொறுப்பைச் சுடலைமுத்துவிடம் கொடுத்தார்.

சில வாரம் கழித்து அவரே இன்னொரு ரெக்ரூட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். “ஐயா, இவன் மூச்ச விட்டுத்தான் ஓடுதான், நான் கவனிச்சேன். ஆனாலும் வலிக்காம். ஓடி முடிச்ச எடத்துலயே வந்து பாருங்க.” டாக்டர் போய்ப் பார்த்தார். ஓட்டம் நின்றவுடன் அந்த நெஞ்சில் துடிப்போடு சேர்ந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது; இதய வால்வில் கோளாறு. அவனை ஓட்டத்திலிருந்து அன்றே விலக்கி, உட்கார்ந்து செய்யும் வேலைக்கு டாக்டர் சிபாரிசு செய்தார். முதலில் வந்தவனை நடிப்பு என்று தள்ளியிருந்தால், இவனையும் ஓடவிட்டே கொன்றிருப்போம்.

இந்த வைத்தியத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது என்கிறவனை, ஓடும் இடத்திலேயே போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு நோயா நடிப்பா என்று பெயர் வையுங்கள்.

பயிற்சி முடிந்த அன்று மறுபடி அளவெடுத்தோம். டேப் என் கையில் இருந்தது. சுடலைமுத்து விறைத்து நின்றான். கண் மட்டும் டாக்டரைத் தேடியது.

“மூச்ச விடலாமா ஐயா?”

“விடுலே, நல்லா விடு.”

மிச்சம் வைக்காமல் விட்டான். விதிப்படி வேண்டிய அளவுக்குக் கீழே டேப் இறங்கவில்லை.