வேலியோரத்துப் பாட்டில்

சுகாதார மேம்பாட்டில் முதுகலை படித்தபோது, களப்பயிற்சிக்காக வெள்ளிமலைப் பக்கம் ஓர் ஊருக்குப் போனேன். அந்தந்த வீட்டில் கிடைக்கும் பொருளை வைத்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தோம்.

ஒரு வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். உப்புப்பொடி கரைக்க ஒரு லிட்டர் அளவு வேண்டுமே என்று, வேலியோரம் கிடந்த குளிர்பான பாட்டிலை நானே எடுத்து அலசினேன். கரைத்து, இரண்டு ஸ்பூன் புகட்டியும் விட்டேன். மரவள்ளிக் காட்டிலிருந்து வந்த குழந்தையின் அப்பா பாட்டிலைப் பார்த்து அப்படியே நின்றார்.

"அதுலதாங்க களைக்கொல்லி வாங்கியாந்தேன்."

உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். ஜீப்பில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். சில நாள் வைத்துப் பார்த்து, ஆபத்தில்லை என்று அனுப்பினார்கள்.

குழந்தையின் அம்மா என்னைத் திட்டவில்லை. "எனக்கு அப்பவே சந்தேகந்தாங்க. நீங்க படிச்சவங்க, தெரிஞ்சிதான் எடுக்கறீங்கன்னு கம்முனு இருந்துட்டேன்" என்றார்.

இன்று சுகாதாரக் கல்வியாளராக வேலை பார்க்கிறேன். அளவுப் பாத்திரம் என் பையிலேயே இருக்கிறது. ஆனாலும், எதிரில் இருக்கும் தாய் என்னிடம் ஒரு கேள்வியாவது கேட்கும்வரை ஸ்பூனைத் தொடுவதில்லை.