அப்பா பிரித்துத் தைத்த கல்யாண ஷூ

"…சின்னதா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே எடுத்துட்டுப் போயி மாத்திட்டு வந்திருப்பேனே மச்சான்!"

அப்பாவின் படத்தைப் பார்த்து இப்படிக் கேட்டவர் என் தாய்மாமா. கருமாதிக்கு முந்தின நாள், கடலூர் முதுநகர் வீட்டில், அப்பாவின் பழைய தோல் ஷூ அவர் மடியில் இருந்தது. அம்மா அப்போதுதான் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி முடித்திருந்தார்.

அப்பா புவனகிரியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படித்த படிப்புக்கு வேலை அமையாமல் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியானார். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பஸ்ஸிலேயே பாதி வாழ்நாள் போயிற்று. டாக்டர் அறை வாசலில் எவ்வளவு நேரம் நிற்க வைத்தாலும் முகம் சுளிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் கூடத்தில் சாக்கை விரித்து, குத்தூசி, மெழுகு தேய்த்த நூல், பசை டப்பாவோடு உட்கார்ந்துவிடுவார். பிய்ந்த அடித்தோலைத் தானே தைத்து, புதுசு போலப் பளபளக்க வைப்பார். சிதம்பரத்தில் ஒரு கம்பவுண்டர், "சார் மருந்து விக்க வர்றீங்களா, ஷூ விக்க வர்றீங்களா?" என்று கேட்பாராம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் கைவேலை தொடங்கியதே கல்யாண ஷூவில்தான். மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டார் ஷூ எடுப்பது எங்கள் பக்க வழக்கம். அளவு கேட்கக் கூச்சப்பட்டு, மாமா தன் காலில் போட்டுப் பார்த்தே வாங்கி வந்துவிட்டார்.

"கரெக்டா இருக்கா மச்சான்?"

"எனக்குன்னே தைச்ச மாதிரி இருக்குப்பா."

சபையில் அப்பா அப்படிச் சொல்லிவிட்டார். விரலெல்லாம் கொப்புளம். பிறகு வீட்டில் உட்கார்ந்து பக்கவாட்டைப் பிரித்து, பழைய பெல்ட்டுத் தோலை ஒட்டுக்கொடுத்துத் தைத்து அகலப்படுத்தினார்.

அதைப் போட்டுக்கொண்டு தலைதீபாவளிக்குப் போனதுதான் வினை. வாசலில் கழற்றி வைத்ததை மாமா பார்த்துவிட்டார்.

"ஆசையா எடுத்துக் குடுத்தத இப்படி அறுத்து வச்சிருக்கீங்களே! அவ்ளோ மட்டமாவா போச்சி?"

"சும்மா பழுது பாத்தேம்ப்பா" என்றதோடு அப்பா நிறுத்திக்கொண்டார்.

பேச்சு அன்றைக்கு முறிந்தது. என் காதுகுத்துக்கு மாமா வந்தார். மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டுமே. பக்கத்திலேயே அப்பா. இருவரும் என்னிடம்தான் பேசினார்கள். அம்மா உண்மையைச் சொல்லப் போனால் அப்பா தடுப்பார். "விடு. நல்லாருக்குன்னு சபையில சொன்னவன் நானு. இப்ப மாத்திச் சொன்னா, அளவு தெரியாம வாங்கனவன்னு அவன ஆயுசுக்கும் கேலி பேசுவாங்க."

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசே இரண்டு பேரையும் தின்றது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு வந்த மாமா, இளநீரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வராந்தாவிலேயே நின்றார்.

"உள்ள வாடா."

"அவரு கூப்புடட்டும்க்கா."

அப்பாவுக்கு அப்போது பேச்சு நின்றுபோயிருந்தது.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கிப் பிடித்த முதுநகர் அக்கம்பக்கத்தாருக்கும், புவனகிரிப் பங்காளிகளுக்கும், பந்தலில் வந்து அழுத சிதம்பரம் மருந்துக்கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இதையெல்லாம் எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "எழுதும்மா. பேசாம இருக்கறவன் எவனாவது படிச்சிட்டுப் போயி பேசட்டும்" என்றார்.

அன்று மாமா ஷூவை மடியிலிருந்து இறக்கி வைத்ததும் அம்மா, "நாளைக்கு ஐயருக்குத் தானம் குடுக்கக் குடையும் செருப்பும் வாங்கணும்டா" என்றார். மாமா கடைக்குப் போகவில்லை. என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே ஐயர் வீட்டுக்குப் போனார். தரையில் செய்தித்தாளை விரித்தார்.

"கால வைங்க சாமி."

"தானத்துக்கு யாருய்யா அளவெடுப்பா?" ஐயர் சிரித்தார்.

மாமா முட்டிபோட்டு உட்கார்ந்து, அவர் பாதத்தைச் சுற்றிப் பென்சிலை மெல்ல ஓட்டினார்.